சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு தீர்ப்பு: டூக்கி வில்லியம்ஸின் புத்தகங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஸ்டான்லி டூக்கி வில்லியம்ஸ் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். "நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மரண தண்டனைக் கைதி" என்று ஆரம்பிக்கும். அந்த வரியை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. பொய் ஒன்றும் இல்லை. 2001-ம் ஆண்டின் சமாதானப் பரிசுக்கு சுவிட்சர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் மரியோ ஃபெர் அவர் பெயரை அனுப்பினார். பிறகு பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இலக்கியப் பரிசுக்கும் அனுப்பினார். ஆனால் எந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரும், சில துறைகளின் பேராசிரியர்கள் யாரும் அப்படிப் பெயர் அனுப்பலாம். அனுப்பியதாலேயே நோபல் குழு அந்த ஆளைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது. எனக்கு இது அப்போதே தெரியும். தெரிந்தும் அப்படி எழுதினேன், வரி எடுப்பாக இருந்தது என்பதற்காக.

அந்தத் தப்பைத் திருத்தலாம் என்று புத்தகங்களை மறுபடி எடுத்தேன். எடுத்த பிறகு வேறு ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். திருந்தினேன் என்று ஒரு மனிதன் எழுதுகிறான். அந்த எழுத்தை வைத்து அவன் திருந்தினானா இல்லையா என்று தீர்மானிக்க முடியுமா? நாம் செய்தால் அது வெறும் விமர்சனம். கலிஃபோர்னியா ஆளுநர் செய்தபோது ஒரு உயிர் போனது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

ஆள் யார்

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1953 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். அம்மாவுக்கு அப்போது வயது 17. 1959-ல் அம்மாவும் பிள்ளையும் கிரேஹவுண்ட் பஸ் ஏறி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தார்கள். நகரின் தெற்குப் பகுதியில் வளர்ந்தார். 1971-ல் ரேமண்ட் வாஷிங்டன் என்ற இன்னொரு இளைஞன் இவரைத் தேடி வந்து பேசினான். கிழக்குப் பக்கம் அவன் கூட்டம், மேற்குப் பக்கம் இவர் கூட்டம், இரண்டும் சேர்ந்தது. அதுதான் க்ரிப்ஸ். இவர்களுக்குப் பயந்து எதிர்க்கூட்டங்கள் ஒன்று சேர்ந்து ப்ளட்ஸ் ஆனார்கள். நீலத் துணி ஒரு பக்கம், சிவப்புத் துணி மறுபக்கம். அதற்குப் பிறகு செத்தவர்களின் கணக்கு ஆயிரங்களில்.

1979 பிப்ரவரி கடைசியில் ஒரு செவன் இலெவன் கடையில் இரவு வேலையில் இருந்த 26 வயது ஊழியர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவத்தில் இருந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. கிடைத்த பணம் சுமார் 120 டாலர். அடுத்த இரண்டு வாரத்துக்குள், தெற்கு வெர்மான்ட் அவென்யூவில் ஒரு மோட்டலில் மூன்று பேர். தைவானிலிருந்து வந்து அந்த மோட்டலை நடத்திவந்த வயதான தம்பதி, அவர்களுடைய மகள். கிடைத்தது சுமார் 100 டாலர். இந்த நான்கு கொலைகளுக்காக 1981-ல் வில்லியம்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசிவரை "நான் செய்யவில்லை" என்றே சொன்னார். கூட்டாளிகளும் சிறைக்குள் இருந்த சாட்சிகளும் சொன்ன சாட்சியம், அவர் துப்பாக்கியோடு பொருத்திக் காட்டப்பட்ட ஒரு தோட்டா உறை, இவைதான் அரசுத் தரப்பின் முக்கியமான சரக்கு. அரசு வழக்கறிஞர் தன் இறுதி வாதத்தில் அவரை மிருகக்காட்சிசாலையில் இருக்கும் வங்கப் புலிக்கும், அவர் வளர்ந்த பகுதியை அந்தப் புலியின் காட்டுக்கும் ஒப்பிட்டார். கறுப்பினத்தவர்களை ஜூரியிலிருந்து வேண்டுமென்றே விலக்கினார் என்பது எதிர்த்தரப்பின் புகார். மேல்முறையீடுகள் எல்லாம் தோற்றன.

சான் குவென்டின் சிறையில் முதல் சில ஆண்டுகள் அடிதடிதான். காவலர்கள் மீதும் தாக்குதல். 1988-லிருந்து 1994 வரை ஆறரை வருடம் தனிமைச் சிறை. அங்கேதான் அகராதியில் ஆரம்பித்துப் படிக்கத் தொடங்கினார். 1993-ல் க்ரிப்ஸ், ப்ளட்ஸ் இரண்டு தரப்பும் கூடிய ஒரு கூட்டத்துக்குச் சமாதானம் பேசி வீடியோவில் செய்தி அனுப்பினார். கும்பல்கள் பற்றிப் புத்தகம் எழுதத் தகவல் தேடி வந்த பத்திரிகையாளர் பார்பரா பெக்னெல் பழக்கமானார். தன் புத்தகங்களைக் கொண்டுவர அவரைத்தான் கேட்டார். 1996-ல் சிறுவர் புத்தக வரிசை, 1997-ல் க்ரிப்ஸை ஆரம்பித்ததற்காக ஒரு பகிரங்க மன்னிப்புக் கடிதம், 1998-ல் 'லைஃப் இன் பிரிசன்', 2004-ல் சுயசரிதை. அதே 2004-ல் ஜேமி ஃபாக்ஸ் நடித்த தொலைக்காட்சிப் படம். 2005 டிசம்பர் 13, நள்ளிரவு தாண்டி, விஷ ஊசி. இன்னும் இரண்டு வாரம் இருந்திருந்தால் 52 வயது.

சின்னப் பிள்ளைகளுக்கு

1996-ல் வந்தவை எட்டுப் புத்தகங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே தலைப்பு: கும்பலும் ஆயுதமும், கும்பலும் போதைமருந்தும், கும்பலும் உன் நண்பர்களும், கும்பலும் நீ வாழும் தெருவும், இப்படி. விமர்சகர்கள் இவற்றைப் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நானும் முதலில் தாண்டியவன்தான்.

இந்தத் தடவை பொறுமையாகப் பார்த்தேன். இலக்கியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது வாக்கியம் குட்டையாகத்தான் இருக்க முடியும். குட்டை வாக்கியத்தில் சமாளிப்பது கஷ்டம். "சூழ்நிலை என்னை அப்படி ஆக்கியது" என்று நீட்டி முழக்க அங்கே இடம் கிடையாது. செய்தேன், தப்பு, நீ செய்யாதே. அவ்வளவுதான். தலைப்புகளில் எனக்குப் பிடித்தது, ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றிய புத்தகம். ஆயுதத்தையும் போதையையும் பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்க போலீஸ்காரர் போதும். ஒரு பையன் ஏன் அந்தக் கூட்டத்துக்குப் போய் நிற்கிறான் என்று சொல்ல, போய் நின்றவன்தான் வேண்டும்.

'லைஃப் இன் பிரிசன்' இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. என் கணக்கில் அவர் எழுதியதிலேயே நல்ல புத்தகம் இதுதான். சிறை எப்படி இருக்கும் என்று சொல்கிறது, அதற்கு மேல் எதுவும் செய்யப் பார்க்கவில்லை. ஒன்பதடிக்கு நாலடி அறை. துணியை அவிழ்த்துச் சோதிப்பது, அதன் அவமானம். சாப்பாடு. வீட்டு ஞாபகம். தனிமைச் சிறை மனதை என்ன செய்யும் என்பது. தெருவில் சிறைக்குப் போய் வந்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதைப் பையன்கள் பார்த்து வளர்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மரியாதையைத்தான் இந்தப் புத்தகம் உடைக்கப் பார்க்கிறது. வீரம் பேசியவன் ஒருவன், எல்லோர் முன்னாலும் அம்மணமாக நிற்பது எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. அதிலும் இவர் உடம்பை வளர்த்து, அந்த உடம்பை வைத்தே பெயர் வாங்கியவர்.

இந்தப் புத்தகங்களால் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று எண்ணிச் சொல்ல வழி இல்லை. நடக்காத கொலையை எப்படி எண்ணுவது? ஆதரவாளர்கள் பெரிய எண்களைச் சொன்னார்கள், எதிர்ப்பாளர்கள் சிரித்தார்கள். இரண்டுமே வேண்டாம். அவர் வகுத்துத் தந்த சமாதான ஒப்பந்த மாதிரியை எடுத்துக்கொண்டு 2004-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் க்ரிப்ஸ், ப்ளட்ஸ் கூட்டங்கள் உடன்பாட்டுக்கு வந்தன. பிள்ளைகளிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. 2002-ல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த கூட்டாட்சி நீதிமன்றமே, இவர் செய்துவரும் வேலை கருணைக்குத் தகுதியானது என்ற பொருளில் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. மனுவை நிராகரித்த நீதிபதிகள் அப்படி எழுதுவது அபூர்வம்.

நீலச் சீற்றம்

சுயசரிதையின் பெயர் 'ப்ளூ ரேஜ், பிளாக் ரிடெம்ப்ஷன்'. நீலச் சீற்றம், கறுப்பு மீட்சி. நீலம் க்ரிப்ஸின் நிறம். பெயரிலேயே புத்தகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

முதல் பாதி பலமானது. நாய்ச்சண்டை நடக்கும் இடத்தில் சிறுவனாக வேலை செய்கிறார். அடிபட்ட நாய்க்குத் தண்ணீர் கொடுப்பது, காயத்தைக் கவனிப்பது, இதற்குக் கையில் கொஞ்சம் காசு. அப்புறம் ஒரு கட்டத்தில் அங்கே இருக்கும் பெரியவர்கள் பையன்களையே மோதவிட்டுப் பந்தயம் கட்டுகிறார்கள். நாய்க்கு வைத்தியம் பார்த்த பையன் நாய் நின்ற இடத்தில் நிற்கிறான். வில்லியம்ஸ் இதை உவமையாக ஊதிப் பெருக்காமல் நடந்ததாகச் சொல்லிப் போகிறார். புத்தகத்தின் மீதி வாதம் முழுக்க இந்த ஒரு இடத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு நல்ல விஷயம், க்ரிப்ஸுக்கு அவர் வம்சப் பெருமை தேடவில்லை. க்ரிப்ஸ் கருஞ்சிறுத்தைகளின் வாரிசு, பெயரே ஒரு புரட்சி வாசகத்தின் சுருக்கம் என்றெல்லாம் ஒரு கதை உண்டு. தனக்கு அது வசதியான கதை. இருந்தும் அதை மறுக்கிறார். அப்படி உயர்ந்த நோக்கம் எதுவும் இருக்கவில்லை, பெயர் வேறு ஒன்றாக இருந்து வாயில் திரிந்தது, அவ்வளவுதான் என்கிறார். தன்னைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் தயாரித்து வைத்திருந்த ஒரு நல்ல சாக்கை வேண்டாமென்று சொன்ன இடம் இது. இதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் மொழி கனத்துவிடுகிறது. அகராதியை உட்கார்ந்து மனப்பாடம் செய்தவரின் ஆங்கிலம். சாதாரணச் சொல் போதும் இடத்தில் நாலு அசை நீளச் சொல் வந்து உட்காரும். முதல் தடவை படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. தனியாகப் படித்து மேலே வந்தவர்களுக்கு, சொல் என்பது சம்பாதித்த சொத்து. எங்கள் ஊர்ப் பக்கம் தபாலில் படித்துப் பட்டம் வாங்கிய பெரியவர்கள் மனு எழுதினால் இப்படித்தான் இருக்கும். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வாசகனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும்: இந்தப் பெரிய சொற்களுக்குள் ஆள் மறைந்துபோகிறார். நாய்ச்சண்டைப் பையனை என்னால் பார்க்க முடிகிறது. மீட்சி அடைந்தவரைப் பார்க்க முடியவில்லை, அவர் சொல்லிக் கேட்கத்தான் முடிகிறது.

இனி என் முக்கியமான குறை. 1976-ல் அவரைச் சுட்டார்கள். வீட்டு வாசலில் இருந்தபோது கார் ஒன்றிலிருந்து. இரண்டு காலிலும் குண்டு. இனி நடக்க முடியாது என்றார்கள். எப்படி மறுபடி நடந்தார், எப்படி உடம்பைத் தேற்றினார் என்பதெல்லாம் புத்தகத்தில் உண்டு. மற்றவர்கள் மேல் குண்டு பாய்ந்தால், என் வாசிப்பில், கதை அவர்கள் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அந்த வீட்டு அம்மா என்ன ஆனாள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. தன் காயத்துக்கு இத்தனை பக்கம், அடுத்தவன் காயத்துக்கு ஒரு பொதுவான வருத்தம். சமூகத்தைப் பற்றிய அலசல் நிறைய, செத்தவன் வீட்டைப் பற்றிய விவரம் கொஞ்சம். இதை நான் முன்பு எழுதிய குறிப்பில் கவனிக்கவே இல்லை.

ஆளுநர் எழுதிய விமர்சனம்

இப்போது நாலாவது பிரதிக்கு வருகிறேன். 2005 டிசம்பர் 8-ம் தேதி மூடிய அறையில் கருணை மனு விசாரணை. 12-ம் தேதி ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் மனுவை நிராகரித்து ஓர் ஐந்து பக்க அறிக்கை வெளியிட்டார். சட்ட ஆவணம்தான். ஆனால் அதன் கடைசிப் பகுதி ஒரு புத்தக விமர்சனம். உண்மையாகவே. வில்லியம்ஸின் எழுத்தில் க்ரிப்ஸ் செய்த எண்ணற்ற கொலைகளுக்கான பிராயச்சித்தம் போதிய அளவு இல்லை என்கிறது. பிறகு 'லைஃப் இன் பிரிசன்' புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அலசுகிறது.

அந்தச் சமர்ப்பணத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நெல்சன் மண்டேலா, ஆஞ்செலா டேவிஸ், மால்கம் எக்ஸ், முமியா அபு ஜமால் என்று போகும். அதில் ஜார்ஜ் ஜாக்சன் பெயரும் உண்டு. ஆளுநருக்கு உறுத்தியது இந்தப் பெயர்தான். இந்தப் பெயர் இருப்பதே, எழுதியவர் திருந்தவில்லை, வன்முறையை இன்னும் ஒரு வழியாகப் பார்க்கிறார் என்பதற்கு அடையாளம் என்றார்.

ஜாக்சன் யார்? பெட்ரோல் பங்கில் 70 டாலர் திருட்டு, அதற்கு ஓராண்டு முதல் ஆயுள் முழுக்க என்று ஒரு தண்டனை. சிறையிலேயே படித்து, எழுதி, 1970-ல் அவர் கடிதங்கள் புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டார். ஒரு சிறைக் காவலரைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு இருந்தது. 1971 ஆகஸ்ட் 21 அன்று இதே சான் குவென்டினில் தப்பிக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மூன்று காவலர்களும் இரண்டு கைதிகளும் கொல்லப்பட்டார்கள். அந்தச் சிறையில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பெயர் என்ன அர்த்தம் தரும் என்பது புரிகிறது. ஆனால் அதே சிறையில் ஓர் அறைக்குள் முதல் தடவையாகப் புத்தகம் திறந்த கறுப்பினக் கைதிக்கு அது வேறு அர்த்தம். தன்னைப் போலவே உள்ளே வந்து, உள்ளேயே எழுத்தாளன் ஆனவன். குரு வரிசை மாதிரி. ஒரு பட்டியலில் மண்டேலாவும் ஜாக்சனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மண்டேலாவை விட்டுவிட்டு ஜாக்சனை மட்டும் சாட்சியாக எடுப்பது மோசமான வாசிப்பு. ஒரு கல்லூரி மாணவன் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி எழுதச் சொல்வோம்.

அறிக்கையின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நான்கு கொலைகளுக்கு மன்னிப்புக் கேட்காமல் மீட்சி என்று ஒன்று இருக்க முடியாது என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாத வாதம். கொஞ்சம் உள்ளே போனால் இது ஒரு பொறி. செய்யவில்லை என்று 24 வருடமாகச் சொல்கிறவர் மன்னிப்புக் கேட்டால், சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். கேட்காவிட்டால் மனம் திருந்தாதவர் ஆவார். நிரபராதி ஒருவன் இந்தத் தேர்வில் ஜெயிக்கவே முடியாது. குற்றவாளி ஜெயிக்கலாம், ஒப்புக்கொண்டால். ஆளுநர் இதையும் யோசித்திருப்பார்: ஜூரி தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, நீதிமன்றங்கள் உறுதி செய்துவிட்டன, ஆகவே குற்றவாளி என்றுதான் தொடங்க முடியும். சட்டத்தின் தர்க்கம் அது. ஆனால் ஒரு மனிதன் மாறிவிட்டானா என்ற கேள்விக்கு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விடையாக ஏற்பேன் என்று உட்கார்ந்தால், மீதிப் பத்து வருட வேலையைப் படித்ததாகச் சொல்ல முடியாது.

சிறை அதிகாரிகளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. கும்பல் பற்றித் தெரிந்ததைச் சொல், ஆட்களைக் காட்டிக்கொடு என்றால் அவர் மறுத்தார். வெளியேறிவிட்டேன், ஆனால் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றார். தெருவின் பழைய சட்டம் இன்னும் உள்ளே இருந்ததா, இல்லை, காட்டிக்கொடுத்தவன் பேச்சை எந்தப் பையனும் கேட்க மாட்டான் என்ற கணக்கா? இரண்டும் இருந்திருக்கலாம். எனக்கு இதில் தீர்மானமான கருத்து இல்லை.

அங்குலிமாலன்

நமக்கு இந்த மாதிரிக் கதை புதிதில்லை. விரல்களை மாலையாகப் போட்டிருந்த அங்குலிமாலன் புத்தரைச் சந்தித்துத் துறவியானான். பாலி நூலில் உள்ள கதையில் எனக்கு எப்போதும் ஞாபகம் இருப்பது மனமாற்றம் நடந்த இடம் இல்லை. பின்னால் வருவது. படையோடு தேடி வந்த அரசன், அவனைத் துறவியாகப் பார்த்ததும் விட்டுவிடுகிறான். ஊர்க்காரர்கள் விடவில்லை. பிச்சைக்குப் போனால் கல்லும் கட்டையும் வந்து விழுகின்றன. மண்டை உடைந்து, ரத்தம் வழிய, ஓடு உடைந்து திரும்பி வருகிறான். புத்தர் அவனிடம், தாங்கிக்கொள் என்கிறார். ஊர்க்காரர்கள் தப்பு செய்தார்கள் என்று சொல்லவில்லை.

கலிஃபோர்னியாவில் இது தலைகீழாக நடந்தது. அரசன் கல்லை எடுத்தான். ஊரில் பாதிப் பேர் விட்டுவிடுங்கள் என்றார்கள். அன்றிரவு சிறை வாசலில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள் என்பார்கள், எண்ணிக்கையை விடுங்கள், பெரிய கூட்டம். ஆனால் கல் எறிய உரிமை உள்ளவர்கள் என்று யாராவது இருந்தால், அது அந்த நான்கு பேரின் வீட்டார். அந்த ஊழியரின் மாற்றாந்தாய் தண்டனை நிறைவேறியபோது உள்ளே உட்கார்ந்து பார்த்தார். நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை, ஊசி ஏற்றவே வெகுநேரம் ஆனது. 12.35-க்கு இறந்ததாக அறிவித்தார்கள். பெக்னெலும் கூட வந்த இருவரும், நிரபராதியைக் கொன்றுவிட்டார்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வெளியேறினார்கள். இறந்தவரின் மாற்றாந்தாய்க்கும் அது கேட்டிருக்கும். அந்த அறையில் இருந்த யாரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இங்கேதான் வில்லியம்ஸ் மேல் எனக்குள்ள குறை கூர்மையாகிறது. "நான் செய்யவில்லை" என்று சொல்கிறவரும் செத்தவர்களைப் பற்றி எழுதலாம். அவர் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தன் ஊரில், தான் உண்டாக்கிய கூட்டம் பரப்பிய பயத்தின் நடுவில், நூறு டாலருக்காக ஒரு குடும்பத்தில் மூன்று பேர் செத்தார்கள். க்ரிப்ஸின் பாவத்துக்கு நான் பொறுப்பு என்று 1997-லேயே எழுதியவர், இந்தக் குடும்பத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம். அது வாக்குமூலம் ஆகாது. துக்கம் ஆகும். வக்கீல்கள் வேண்டாம் என்றிருப்பார்கள், அது தெரியும். வழக்கு நடக்கும்போது ஒவ்வொரு வரியும் நாளை அரசுத் தரப்பின் கையில் போகும். சமர்ப்பணப் பக்கத்துக்கே என்ன ஆனது என்று பார்த்தோமே. ஆக, எந்த எழுத்து அவர் மனதைக் காட்டியிருக்குமோ, அதை எழுத முடியாத நிலையில் வைத்துவிட்டு, ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். குறையும் உண்மை, அந்தக் குறைக்கான காரணமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அடிக்க முடியாது.

எதைப் படிக்கலாம்

யாராவது கேட்டால் 'லைஃப் இன் பிரிசன்' படியுங்கள் என்பேன். ஒரு மாலையில் முடிந்துவிடும். சுயசரிதையில் முதல் பாதி. கூடவே ஆளுநரின் அறிக்கையையும் படிக்க வேண்டும், அது இல்லாமல் மற்றவை முழுதாகப் புரியாது. ஜேமி ஃபாக்ஸ் படம் நடிப்புக்காகப் பார்க்கலாம். சந்தேகம் எல்லாவற்றையும் நமக்காகத் தீர்த்து வைத்துவிடுகிற படம், அதனால் என்னால் முழுக்க நம்ப முடியவில்லை.

பின்கதை கொஞ்சம். ஷ்வார்ஸ்நெகரின் சொந்த ஊர்ப் பக்கமான ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், அவர் பெயரில் இருந்த விளையாட்டரங்கத்திலிருந்து அந்த டிசம்பரிலேயே பெயரை எடுத்தார்கள். 2006 ஜனவரியில் இன்னொரு கைதிக்குத் தண்டனை நிறைவேறியது. அதற்குப் பிறகு, விஷ ஊசி போடும் முறை பற்றிய வழக்கில் எல்லாம் நின்றது. கலிஃபோர்னியாவில் அதன் பின் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019 மார்ச்சில் ஆளுநர் கவின் நியூசம் அதை முறைப்படி நிறுத்திவைத்தார். 2023-ல் சான் குவென்டினின் பெயரையே மாற்றி, மறுவாழ்வு மையம் என்று வைத்தார்கள்.

இப்போது அங்கே ஒருவர் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுதினால், அதை எப்படிப் படிப்பார்கள் என்று தெரியவில்லை. சமர்ப்பணப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பழைய குறிப்பின் முதல் வரியை மாற்றிவிட்டேன். இப்போது அது இப்படி ஆரம்பிக்கிறது: "நான்கு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, அவற்றை மறுத்தபடியே, ஒன்பது சிறுவர் புத்தகங்கள் எழுதியவர்." எடுப்பாக இல்லைதான். பரவாயில்லை.